சவேரியம்மாளின் பலாப்பழ நேர்த்தி

எனக்கு ஏழு மாதம். பெங்களூரு பொம்மனஹள்ளியில் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டியில் பலாச்சுளை மணக்கிறது. நான் வாக்கப்பட்ட வீட்டில் மட்டும் அந்தப் பழத்தின் பெயரை எடுத்தாலே சிலுவை போட்டுக்கொள்கிறார்கள்.

காரணம், என் மாமனார் ஆம்ப்ரோஸின் கொள்ளுப்பாட்டி சவேரியம்மாள். வெள்ளைக்காரன் காலத்தில் குடியாத்தம் பக்கத்திலிருந்து புருஷனோடு கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்தவள். சுரங்கம் சரிந்து புருஷன் உள்ளே மாட்டிக்கொண்டபோது, அவர் உயிரோடு வந்தால் தன் வம்சமே பலாப்பழம் தின்னாது என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாளாம். அவர் வந்துவிட்டாராம். மாட்டிக்கொண்டது நான்.

“பிள்ளத்தாச்சி ஆசப்பட்டத குடுக்கலன்னா பொறக்குற புள்ளைக்குக் காது வடியும், மாமா,” என்றேன்.

ஆடிப்போனார். பேரப்பிள்ளையின் காது ஒரு பக்கம், மாதா ஒரு பக்கம். என் கணவர் ஓஸ்வால்ட் வழக்கம்போல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்க நேர்ந்துக்கிட்டத யாரு பாத்தா?” என்று நான் விடவில்லை. மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“தங்கவயல்ல ஜோசபின் இருக்கா, கிரேஸு. சவேரியம்மா பாட்டியோட மக வழி. அவ வாயாலயே கேளு.”

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் இருவரையும் ரயிலேற்றிக் கூட்டிப்போனார்.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று ஜோசபின் அத்தையுடையது; அதன் வாசலிலேயே வாசனை மூக்கைத் துளைத்தது. உள்ளே தரையில், பாதி அறுத்த பலாப்பழம். மாமா நிலைப்படியைத் தாண்டவில்லை.

“நேர்த்தி என்னாச்சு, ஜோசபின்?”

“எந்த நேர்த்திண்ணா?” அத்தை சிரித்தாள். “சவேரியம்மா ஆயாவோட புருஷன் சொரங்கத்துல எறங்குனதே இல்ல. தொர வீட்டுக் குதிரைக்குப் புல்லு போட்டுக்கினு இருந்தாரு. சம்பளம் சாராயக் கடைக்குப் போயிடும். ஆயாதான் கூடையில பலாப்பழம் சொமந்து லைன் லைனா வித்து நாலு புள்ளைங்கள வளத்துச்சு. உங்க தாத்தாவும் தம்பிங்களும் விக்கிற சொளையத் திருடித் தின்னுடுவாங்க. அடிச்சுப் பாத்துச்சு, கேக்கல. மாதாவுக்கு நேந்துக்கிட்டேன்னு ஒரு பொய்யச் சொல்லிச்சு, அடங்கிட்டாங்க. ஆயாகூட யாவாரத்துக்குப் போன மக, எங்க பாட்டி. அதுக்கு மட்டும் எல்லாம் தெரியும்.”

சவேரியம்மாள் மேல் எனக்கு அப்போதுதான் ஆசையே வந்தது. ஒரே பொய்யில் நாலு பிள்ளைகளின் வயிற்றை நிரப்பி, வம்சத்தின் வாயையும் கட்டிப்போட்டிருக்கிறாள்.

மாமாவின் முகம் தொங்கிப்போனது. அத்தை நீட்டிய காபியை வாங்க நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

“தின்னாதன்னு பெத்தவ சொன்னா சொன்னதுதான்,” என்றார் கடைசியில். “நான் மகன் வழி. தின்ன மாட்டேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “நீ மருமக. உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியே.”

“உள்ள இருக்குறது?” ஓஸ்வால்ட் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“அதுக்குப் பல்லு மொளைக்கட்டும், பாத்துக்கலாம்.”

அத்தையிடம் தேங்காயெண்ணெய் வாங்கிக் கையில் தடவிக்கொண்டு மாமாவே தரையில் உட்கார்ந்தார். பழக்கமில்லாத கை, முழங்கைவரை பிசின். கொட்டையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சுளையாக என் கையில் வைத்தார். நான் வெட்கமில்லாமல் தின்றுகொண்டே இருந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எச்சிலை விழுங்கினார்.

“இனிக்குமாம்மா அது?” என்று கேட்டார்.