தினமும் கழுவிய பெட்டி

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பினாயில் அக்கா என்றுதான் பெயர். வருடக்கணக்காக வார்டு துடைத்த கை, வீட்டிலும் சும்மா இருக்காது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, பளபளவென்று கிடந்த அந்த ஒற்றை அறையில் ஏனென்று கேட்க நாதியில்லை.

அப்போதுதான் தம்பி வந்து நின்றான், கண்ணாடிப் பெட்டியும் கையுமாக. உள்ளே குட்டி மலைப்பாம்பு. பயந்தால் தலையை உள்ளே இழுத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதி.

"ஏன்டா, பொண்டாட்டியோட கோவிச்சுக்கிட்டு வர்றவன் துணிமணியைத் தூக்கிட்டு வருவான். நீ இதைத் தூக்கிட்டு வந்திருக்க?"

"ஆசையா வாங்கினேன்க்கா. அவ இதைப் பார்த்துட்டுத்தான் கதவைச் சாத்திட்டா."

பாம்புக்கு இடம் பிடித்துவிட்டால் தம்பிக்கும் பிடித்துவிடும் என்று அக்கா மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

பாம்போ எதையும் தொடவில்லை. கடையில் உறைய வைத்து விற்கும் எலியை வெந்நீரில் சூடாக்கி இடுக்கியில் பிடித்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இந்த வீடு இதுக்கு ஒத்துக்கலைக்கா. வேற இடம்தான் பார்க்கணும்" என்று அவன் சலித்துக்கொண்டான். அவள் விடியற்காலையில் எழுந்து, "சாமி, இதுக்குப் பசியைக் கொடு" என்று வேண்டிக்கொண்டு பெட்டியைக் கழுவினாள். தினமும் கழுவினாள்.

பாம்பு விற்ற கடைக்காரர், அவள் பெட்டி கழுவும் விதத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பினாயிலா! ஏம்மா, அந்த வாடையே அதுக்கு விஷம். நாக்கை நீட்டி வாசனை பிடிச்சுத்தான் அது தன் வீட்டைத் தெரிஞ்சுக்கும். நீங்க தினமும் அதைப் புது வீட்டுக்குக் குடி மாத்துறீங்க. அழுக்கான இடத்தை மட்டும் எடுங்க. ஒரு பக்கம் சூடு இருக்கட்டும், ஒளிய ஒரு பொந்து வைங்க, தொடாம விடுங்க."

அவள் பழைய பிளாஸ்டிக் கிண்ணத்தில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தாள். பெட்டியைப் போர்வையால் மூடினாள். கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள். ஒரு சாயங்காலம், கிண்ணத்துக்குள்ளிருந்து தலை பாய்ந்து வந்து எலியைக் கவ்வியது.

"டேய், தின்னுடுச்சுடா!" அவளுக்குக் கண்ணே நிறைந்துவிட்டது.

தம்பி போனை எடுத்தான். பொண்டாட்டியிடம் பேசி முடித்துவிட்டுச் சிரித்தபடி வந்தான்.

"அவ எப்பவோ இறங்கி வந்துட்டாக்கா. பட்டினி கிடக்குற பாம்பு என் வீட்டுல வந்து சாகக் கூடாது, தின்ன ஆரம்பிச்சா எடுத்துட்டு வான்னு சொல்லியிருந்தா. காலையில கிளம்புறேன்."

அவள் பெட்டிமேல் போர்வையை இழுத்து மூடினாள். "தின்ன வயித்தோட அதை அலைக்கழிச்சா கக்கிடுமாம்டா. ரெண்டு நாள் போகட்டும்."

"அதுவும் சரிதான்" என்றான்.

பாம்புக்காக இரண்டு நாள் இருந்தான். அப்புறம் போய்விட்டான்.

அக்கா பினாயிலை எடுத்தாள். பெட்டி இருந்த மேசை, அவன் படுத்த இடம், ஒன்றுவிடாமல் துடைத்தாள். சாமியைக் குறை சொல்ல முடியாது. கேட்டதைக் கொடுத்துவிட்டார். அவள் கேட்டது பாம்புக்குப் பசியைத்தான்.