மகளுக்குக் கொடுத்த பதினேழு மார்க்

போர்ட் பிளேரில் தமிழர்கள் கூடும் பொங்கல் விழாக்களில் என்னைப் பேச விடுவார்கள். சாப்பாடு தயாராகும்வரை கூட்டம் கலையாமல் இருக்க வேண்டுமே. அங்கே சில வருடங்களாக ஒரு நகைச்சுவையைச் சொல்லி வந்தேன். நாங்கள் குடியிருக்கும் குட்வில் எஸ்டேட்டில் கரண்ட் போகும். என் மகள் கேட்பாள்: "மெயின்லாண்ட்லேர்ந்து கப்பல்ல டீசல் வருது, அதை எரிச்சுக் கரண்ட் எடுக்கறோம். தலைக்கு மேல இவ்ளோ வெயில் சும்மா காயுதே, அதை ஏன்பா எடுக்கல?" இதுவரை நிஜம். மிச்சம் நான் ஜோடித்தது: "கேள்வி கேட்ட விஞ்ஞானி கணக்கில் வாங்கியது நூற்றுக்குப் பதினேழு!" கூட்டம் சிரிக்கும். அந்தக் கூட்டத்தில் அவளும் உட்கார்ந்திருப்பாள்.

பதினேழு வாங்கியது நான். முதலில் என் பேரில்தான் சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை, இரண்டொருவர் பரிதாபப்பட்டார்கள். அவள் பேருக்கு மாற்றினேன். எடுபட்டது.

இந்த வருடம் அவள் பத்தாவது முடித்தாள். பதினொன்றில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், அப்புறம் எஞ்சினியரிங், கடைசியில் இந்தத் தீவிலேயே சூரிய மின்சார வேலை என்றாள். கரண்ட் போனால் பவர்ஹவுஸுக்குப் போன் போட்டுத் திட்டுகிறவர்களில் நானும் ஒருவன். அந்தப் போனை எடுக்கிற வேலைக்கா பெண்ணைப் படிக்க வைப்பது என்று கேட்டேன். அவள் மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டர் அருகில் போய் நின்றாள். பள்ளிக்குப் போனோம்.

சேர்க்கையைக் கவனித்த ஆசிரியை தமிழர். திருநெல்வேலிப் பேச்சைக் கடல் தாண்டியும் விடாதவர். "என்ன சார், விஞ்ஞானியக் கூட்டிட்டு வந்துட்டியளா?" என்று சிரித்தார். மதிப்பெண் தாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பேசிக் கணக்குல்லா எடுத்திருக்கா. மேத்ஸ் வேணும்னா ஸ்டாண்டர்டு எழுதியிருக்கணுமே சார்."

பத்தாவதில் கணக்கு இரண்டு வகை. எளிதானது பேசிக், கடினமானது ஸ்டாண்டர்டு. எதுவென்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். கையெழுத்துப் போட்டவன் நான். படித்துப் பார்த்த ஞாபகம் இல்லை. என் கட்டுரையில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் அச்சகத்துக்கே சண்டைக்குப் போகிறவன்.

"பயாலஜி எடுக்கட்டும். பிள்ளைக்குக் கணக்கு வராதுன்னு நீங்கதான் மேடையிலேயே சொன்னியளே." மறுபடி தாளைப் பார்த்தார். "ஏன்ட்டி, இவ்வளவு நல்ல மார்க் வாங்கியிருக்க. பொறவு எதுக்கு பேசிக் எடுத்த?"

"எனக்குக் கணக்கு வராதுன்னு நெனச்சேன் மிஸ். மார்க் வந்தப்பறம்தான் தைரியம் வந்துச்சு."

"வராதுன்னு யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சிரிச்சாங்களே."

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

"அது என் மார்க் மேடம்," என்றேன். மேடைக் குரல் வரவில்லை. "பதினேழு நான் வாங்கினது. ஜோக்குக்காக அவ பேர்ல போட்டேன்." சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் ஒரு கணம் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பின்னால் வரிசையில் நின்ற வங்காளி ஒருவர் "க்யா ஹுவா மேடம்?" என்று, என்ன ஆயிற்றென விசாரித்தார். "ஒன்றுமில்லை, அப்பாவுடைய ரிசல்ட் வந்திருக்கிறது" என்று ஆசிரியை இந்தியில் பதில் சொன்னார். வரிசை முழுக்கச் சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

"மிஸ், எனக்கு ஒரு டெஸ்ட் வைங்க. ஸ்டாண்டர்டுலேர்ந்தே வைங்க," என்றாள்.

ஆசிரியை உள்ளே போய்த் தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு வந்தார். அடுத்த வாரம் டெஸ்ட். தேறினால் மேத்ஸ்; இல்லாவிட்டால் பயாலஜி, அதற்குமேல் பேச்சில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அவள் என் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, "சோலார் பேட்டரிக்குக் கெமிஸ்ட்ரி போதாதா?" என்றேன்.

"மேத்ஸும் வேணும்பா."

பத்துபஸ்திக் கடைத்தெருவைத் தாண்டும்போது அவளே கேட்டாள். "நான் பாஸாயிட்டா மேடையில சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"ஃபெயிலாயிட்டா?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் இறங்கி, எதிரே இருந்த புத்தகக் கடையில் ஸ்டாண்டர்டு கணக்குப் புத்தகம் இருக்கிறதா என்று விசாரிக்கப் போனாள்.