தம்பியின் டிராக்டருக்கு நான் வாங்கிய எண்ணெய்

டிராக்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று, அதன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நின்றவன் நான். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்பா சொல்ல வேண்டியதுதான் பாக்கி, ஏறி உட்கார்ந்துவிடுவேன். அப்பா என் தோளுக்கு மேலே பார்த்து, "ஏறுடா சின்னவனே" என்றார். தம்பி என்னைச் சுற்றிக்கொண்டு வந்து ஏறினான்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்திருந்த புதிது அது. திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சுற்றுவட்டாரத்தில் யாரிடமும் டிராக்டர் கிடையாது. மலைமேல் ஒரு தோட்டத்தில் ஓடிய பழைய டீசல் வண்டியை யாரோ சொல்லி அப்பா வாங்கிவிட்டார். அதற்கு முன்பே எங்கள் கிணற்றில் ஓர் ஆயில் எஞ்சின் உண்டு. அதைக் கழற்றுவது, பூட்டுவது, அதன் கரியைத் துடைப்பது எல்லாம் என் தலையில்தான். தம்பி கிணற்றுப் பக்கம் வந்தால் குளிக்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். அவன் திருச்சியில் கொஞ்ச காலம் படித்துவிட்டு, படிப்பு ஏறவில்லை என்று திரும்பி வந்திருந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்பது.

எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு வார்த்தையில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நான் மேலச்செய் வயலில் மாட்டைப் பூட்டி உழுதுகொண்டிருப்பேன். பக்கத்துச் செய்யில் அவன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வருவான். நான் ஒரு சால் போய்த் திரும்புவதற்குள் அவன் பாதி வயலைப் புரட்டியிருப்பான். அவன் கிளப்பும் செம்மண் புழுதி எல்லாம் என் தலையில் இறங்கும். வரப்பில் ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கும், என் மாமனார் உட்பட. என் வீட்டுக்காரி கஞ்சிக் கலயத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "கொழுந்தனாரு எம்புட்டு லாவகமா வளைக்கிறாரு பாத்தீங்களா?" என்றாள். அன்று எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.

சித்திரை பிறந்ததும் டிராக்டர் தகராறு செய்ய ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காக ஓடும். வெயில் ஏறினால் எஞ்சின் கொதிக்கும். எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் மெல்லப் படுத்துக்கொள்ளும். தம்பி வண்டியை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்காருவான். சந்தோஷப்பட்டேன். ஆனால் அவன் உட்கார்ந்த இடத்துக்கே ஆத்தா மோர் கொண்டுபோய்க் கொடுத்ததைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷமும் போய்விட்டது.

காரணம் எனக்குத் தெரியும். வண்டியோடு கூடவே மலையிலிருந்து எண்ணெய் டின்களும் வந்திருந்தன. ஒன்றைத் திறந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மெல்லிய எண்ணெய், குளிர்ப் பிரதேசத்துக்கு உண்டானது. விடியற்காலைப் பனியில் அங்கே அதுதான் ஓடும். எங்கள் வெயிலில் அது தண்ணீராகிவிடும். உள்ளே இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் நிற்காது. இதை நான் அப்பாவிடம் சொன்னேன். சொன்ன விதம் சரியில்லாமல் இருந்திருக்கலாம். "ஒங்க சின்னவனுக்கு இதுகூடத் தெரியலயாப்பா?" என்றுதான் ஆரம்பித்தேன்.

அப்பா முகம் சுருங்கிவிட்டது. "சூடுதான? சூட்டுக்கு என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

கோடையில் உழவு மாட்டுக்கு உடம்புச் சூடு கண்டால் எங்கள் பக்கம் நல்லெண்ணெய் புகட்டுவார்கள். மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து, மூங்கில் குழாயில் எண்ணெயை ஊற்றி, கடைவாயில் வைத்துச் சாய்ப்பது. மறுநாள் மாடு குளிர்ந்துபோய் நிற்கும். அப்பா அதே மூங்கில் குழாயை எடுத்துவரச் சொன்னார். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஆத்தாவின் ஜாடியிலிருந்து வந்தது.

"அப்பா, அது மாடு இல்லப்பா!" என்று கத்தினேன்.

"எஞ்சினுக்கும் மாட்டுக்கும் வெயிலு ஒண்ணுதான்டா. நீ அங்கிட்டு நில்லு."

தம்பி முன்னால் வந்தான். எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்து, அப்பா கையிலிருந்து குழாயைப் பணிவாக வாங்கி, கோயில் காரியம் செய்கிறவனைப் போலச் சொட்டுச் சிந்தாமல் ஊற்றினான். அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இருந்தாலும் "சரிப்பா" என்றான். அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நான் எத்தனை எஞ்சினைக் கழற்றிப் பூட்டினாலும் என்னைப் பார்த்து அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை.

வண்டி புறப்பட்டது. கொஞ்ச தூரம் போவதற்குள் புகை கிளம்பி, வயல்காடு முழுக்க வடை சுடுகிற வாசனை அடித்தது. களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். "ஆரு வீட்டுல விசேஷம்?" என்று ஒருத்தி கேட்டாள். முள் அடியோடு படுத்துவிட்டது. நான் ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். நல்லவேளை, அதற்குள் உள்ளே இரும்போடு இரும்பு உரசி இறுகிப் பிடித்துக்கொள்ளவில்லை.

அப்பா என்னைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்துக்கொண்டு, "டவுனுக்குப் போயி எது சரியோ அதை வாங்கிட்டு வா" என்றார். "சின்னவனையும் கூட்டிக்கிட்டுப் போ."

புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போனோம். கடைக்காரர் முதலில் காருக்கு ஊற்றுகிற எண்ணெயை எடுத்து வைத்தார். அது வேண்டாம், டீசல் எஞ்சினுக்கு உண்டானதுதான் வேண்டும் என்றேன். டீசல் எஞ்சினில் கரி அதிகம். அந்தக் கரியை அடியில் படியவிடாமல் தாங்குகிற எண்ணெயாக இருக்க வேண்டும். எண்ணெயின் கனத்துக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏறக் கனம். கடைக்காரர், "அப்ப ஐம்பது நம்பர் எடுத்துக்கங்க, நல்லாக் கனமா இருக்கும்" என்றார். கனம் அதிகமானாலும் ஆபத்துதான். காலையில் கைப்பிடி போட்டுச் சுற்றும்போது எஞ்சின் அசையாது, எண்ணெய் மேலே ஏறவும் நேரம் பிடிக்கும். முப்பதையும் நாற்பதையும் தனித்தனியாக உள்ளங்கையில் ஊற்றி, வெயிலில் நீட்டிப் பார்த்தேன். முப்பது சீக்கிரம் வழிந்தது. நாற்பது நம்பர் என்று முடிவு செய்தேன். இவ்வளவு நேரமும் தம்பி கறுப்புக் கண்ணாடியோடு வெளியே நின்று கோலி சோடா குடித்துக்கொண்டிருந்தான். டின்னை நான்தான் தூக்கி வந்தேன்.

நல்லெண்ணெய் கலந்ததை எல்லாம் வடித்தேன். மலை எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, அலசி, அதையும் வடித்தேன். பிறகு நாற்பது நம்பரை ஊற்றினேன். மறுநாள் உச்சி வெயில் வரை தம்பி ஓட்டினான். முள் இறங்கவே இல்லை. அப்பா வந்து மாட்டின் விலாவைத் தொடுவதைப் போல எஞ்சின் மூடியில் கை வைத்துப் பார்த்தார். "பெரியவனே, சரியான எண்ணெயா வாங்கியாந்திருக்கடா" என்றார். வரப்பில் நின்ற என் மாமனாரும் அதைக் கேட்டார்.

இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. "அப்பா, இனிமே நான் ஓட்டுறேன்" என்றேன்.

அப்பா என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ ஓட்டுவடா. எனக்குத் தெரியாதா? ஒனக்கு ஏரு தெரியும், மாடு தெரியும், எஞ்சினு தெரியும், எண்ணெயும் தெரியும். அவனுக்கு என்ன தெரியும்? இதையும் ஒங்கிட்டக் குடுத்துட்டா அவன் எதைப் புடிச்சுப் பொழைப்பான்?"

ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால் அந்த இருக்கை எனக்குக் கிடைத்திருக்கும். நான் பொறாமைப்பட அவனிடம் இன்னும் ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தம்பி மேலிருந்தபடியே, "அண்ணே, போறதுக்குள்ள எண்ணெய் அளவு சரியா இருக்கான்னு ஒருவாட்டி பாத்துருங்கண்ணே" என்றான். குரலில் மரியாதை இருந்தது. போய்ப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அந்த டிராக்டர் எங்கள் வீட்டில் இருந்த வரைக்கும் எண்ணெய் நான்தான் வாங்கினேன். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் எண்ணெய் சரியில்லை என்று அவன் சொல்வான், அன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்துச் சண்டை போட்டுவிடலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவன் அப்படிச் சொன்னதே இல்லை.