ஆம்பளை வார்டுப் பொண்ணு

வெள்ளைத் தொப்பி மாட்டிய சகோதரிகளே, நோயாளியின் புண்ணுக்கு எந்த மருந்து என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஊர் வாய்க்கு எந்த மருந்து என்றுதான் யாரும் சொல்லித் தருவதில்லை.

எனக்கு நர்ஸ் வேலை பிடித்திருந்தது. என் அய்யாவுக்குப் பிடிக்கவில்லை. வந்த வரனெல்லாம் "நர்ஸா?" என்று இழுத்துவிட்டு நழுவவே, அடுத்ததும் தட்டிப்போனால் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கசப்பு

மதுரைக் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவரின் சம்சாரத்துக்குக் காய்ச்சல். நான் தண்ணீரில் கலக்கிக் கொடுத்த மருந்தை மடக்கென்று குடித்தாள். வாய் கசக்குமே என்று வெறும் தண்ணீரை நீட்டினேன். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். வீட்டுச் செம்பு வருகிறவரை கசப்போடே கிடந்தாள், மகராசி. மருந்தில் கலந்ததும் இதே தண்ணீர்தானே என்று கேட்டேன். பாவம், எனக்கு விவரம் போதாது என்று நினைத்தாள் போல.

"மருந்துக்குத் தோஷம் கிடையாதும்மா. தண்ணிக்குத்தான்."

வெற்றிலைக் கட்டு

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து, தொடை எலும்பு முறிந்து வந்தார். புரட்டிப் போட்டதும், துடைத்துவிட்டதும், மலச்சட்டி எடுத்ததும் நான். பிறகு தோளைக் கொடுத்து நடக்கப் பழக்கினேன். எந்த ஊர், யார் மகள் என்று விசாரித்து, நம்ம சனம்தான் என்று தெரிந்ததும் வாய்க்கு வாய் "தாயி" என்றார். வீட்டுக்குப் போகும் நாளில் பெரிய வெற்றிலைக் கட்டு டாக்டருக்குப் போனது. அந்த டாக்டர் வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. நான் வெறுங்கையோடு நின்றேன்.

"ஒனக்கெதுக்குத் தாயி மரியாதையெல்லாம்? நீ நம்ம வீட்டுப் பிள்ளை."

பெண் பார்க்க வந்தவர்கள்

தரகர் ஒரு வரன் கொண்டு வந்தார். காபித் தட்டோடு போனால், மாப்பிள்ளையின் தகப்பனாராக உட்கார்ந்திருக்கிறார் அதே கொடிக்கால்காரர்! என் வேலையைக் கண்ணால் கண்டவர், இனிக் கவலையில்லை என்று எனக்கு அம்புட்டு சந்தோஷம். கேசரியை வழித்துத் தின்றார். பிறகு தொண்டையைச் செருமி, பொண்ணு தங்கம்தான், ஆனால் கண்ட ஆம்பளையையும் தொட்ட கையாச்சே என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தக் கண்ட ஆம்பளைகள்ல நீங்களும் சேத்தியா மாமா?" என்று கேட்டேவிட்டேன். வந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். போச்சு, வேலையும் போச்சு என்று அய்யா முகத்தைப் பார்த்தேன். அவர் வாசல்வரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து, என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"காலையில டூட்டிக்குப் போகணும்ல, நேரத்தோட சாப்பிட்டுப் படு."

இந்த வேலையில் திருப்தி உண்டா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்வேன்: உண்டு, எனக்கு மாமனாராக வரவிருந்தவர் என் வீட்டுப் படியை யார் தோளையும் பிடிக்காமல் இறங்கிப் போனார்.