பக்கத்து வீட்டில் யார் யார்?

அண்டை வீட்டார் கதை தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. என் கணவர் இதைப் புறணி என்பார். நான் அக்கறை என்பேன். ஈப்போவில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தபோது பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள், ஒரு சின்னப் பெண் குழந்தை. மூத்தவர் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர். இளையவள் தொழிற்சாலைக்குப் போகிறவள். குழந்தை இளையவளை அம்மா என்றும் மூத்தவரைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டது. சரி, உடன்பிறந்தவர்கள் என்று நானே முடிவு கட்டினேன். ஆனால் முகத்தில் துளிச் சாயல் இல்லையே!

ஒருநாள் துணி காயப்போடும்போது வேலியோரமாக மூத்தவரிடம் கேட்டேவிட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்களாக்கா?"

"இல்லலா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டுக்காரர்," என்றார், துணியை உதறிக்கொண்டே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லோரி ஓட்டிய அந்த மனிதர் திடீரென்று இறந்தபோது, கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றவளைப் பார்த்துத்தான் இன்னொரு குடும்பம் இருப்பதே இவருக்குத் தெரிந்ததாம். பிறந்த வீட்டிலும் அவளைச் சேர்க்கவில்லை. "பிள்ள வெயில்ல இருந்துச்சு. உள்ள வான்னேன். அப்புறம் போன்னு சொல்ல வாய் வரல," என்றார். கூடத்தில் மாட்டியிருக்கும் கணவர் படத்துக்கு யார் மாலை போடுவார்கள் என்றும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? "அவதான் போடுவா. எனக்கு இன்னும் கோவம் தீரல."

குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தபோதுதான் சிக்கல். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே குத்த வேண்டும்? இளையவளின் அண்ணன்மார் முடியாது என்றுவிட்டார்கள். பெரியம்மாவின் தம்பியும் மாமன்தானே என்று மூத்தவர் சித்தியவானில் இருக்கும் தன் ஒரே தம்பிக்குப் போன் போட்டார். அக்காள் வாழ்க்கையைக் கெடுத்தவள் இருக்கும்வரை வாசல்படி மிதிக்கமாட்டேன் என்று போனவர் அவர். "அவள அனுப்பிட்டுக் கூப்பிடு, வாரேன்," என்று வைத்துவிட்டாராம்.

அன்று இளையவள் அழுதது என் சமையலறைவரை கேட்டது. "எனக்காகத் தம்பிய விட்றாதீங்கக்கா. நான் பிள்ளையத் தூக்கிட்டு வேற ரூம் பாத்துக்கறேன்."

"போவியா? போய்ப் பாரு, கால ஒடிச்சிருவேன்!"

மூத்தவர் அவளையும் அனுப்பவில்லை, நாளையும் மாற்றவில்லை; தம்பிக்கு நேரத்தை மட்டும் சொல்லி வைத்தாராம்.

காதுகுத்து அன்று பத்தர் வந்து காத்திருந்தார். மாமனைக் காணோம். என் வீட்டுக்காரரைப் பிடித்து மாமனாக மணையில் தள்ளிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போது வாசலில் கார் நின்றது. தம்பி இறங்கி வந்தார். "அக்கா மொகத்துக்காக வந்தேன். ஒக்காந்துட்டுப் போயிருவேன்," என்று மணையில் உட்கார்ந்தார். இளையவள் குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். அந்த மனிதர் குழந்தையைத் தொடக்கூட இல்லை. கைகளை முழங்காலிலேயே வைத்திருந்தார்.

முதல் காதில் குத்தியதும் குழந்தை வீலென்று அலறி, அவர் சட்டையைப் பற்றிக்கொண்டு கழுத்தில் முகத்தைப் புதைத்தது. பத்தர் அடுத்த காதுக்குக் கையை நீட்டினார்.

தம்பி சட்டென்று குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வீடே அதிரக் கத்தினார்: "அண்ணே, மெதுவாலா! என் மருமவளுக்கு வலிக்குதுல்ல!"