ஆணி அடித்த செம்மரம்

போன வாரம் முகத்தில் வந்த கட்டிக்குப் போட, வில்லியனூர் நாட்டுமருந்துக் கடையில் செஞ்சந்தனத் துண்டு வாங்கினேன். இரண்டு இழைப்பு சிவப்பாக வந்தது, அப்புறம் வெளுத்துவிட்டது. ஏதோ ஒரு கட்டைக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள். கோபம் வரவில்லை. கஸ்தூரி அக்கா ஞாபகம்தான் வந்தது.

அக்கா என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. நான் கல்யாணமாகி அபிஷேகப்பாக்கம் போன புதிதில், எங்கள் கரும்புக் கொல்லை ஓரத்தில், மோட்டார் கொட்டகையை ஒட்டி ஒரு செம்மரம், அதாவது செஞ்சந்தன மரம், நின்றது. மாமனார் வைத்தது. பட்டை முதலைத் தோல் மாதிரி வெடித்திருக்கும். கீறினால் சிவப்பாகக் கசியும். அதை வேங்கை மரம் என்று சொல்லிப் புக்ககத்தில் என் அறிவைக் காட்டி, எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

ஒரு மத்தியானம் ஆண்கள் கரும்பு லாரியோடு ஆலைக்குப் போயிருந்தார்கள். கொல்லையில் நாங்கள் இருவர்தான். ஒரு வேன் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவன் நேரே போய் மரத்தைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்த்தான்.

"இன்னா வேணும்?" என்றாள் அக்கா.

"பெரியவருகிட்ட பேசியாச்சும்மா. வெட்டிக்கினு போவ வந்தோம்."

மாமனார் செத்து வருஷம் திரும்பியிருந்தது. அக்கா அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"அவரு வரட்டும். அதுவரிக்கும் கைய வெக்காத."

அவள் கையில் கரும்புக் கத்தி. நான் கொட்டகைக்குள் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுதான் என் வீரம். ஒருவன் நிதானமாகப் பீடி பற்றவைத்தான்.

"வூட்ல ரெண்டு பொம்பளைங்கதானா?"

பீடி தீரும்வரை அவர்கள் நகரவில்லை. "நாளிக்கி வரோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் அவள் கணவர், "சனியன், வெட்டிப் போட்டுடலாம். உசுருதான் முக்கியம்" என்றார். விடிந்ததும் அக்கா கூரைக்கு வாங்கிய ஆணிகளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அடியிலிருந்து நெஞ்சுயரம் வரைக்கும் மரத்தைச் சுற்றி அடித்தாள். அடிக்கிற இடமெல்லாம் சிவந்து கசிந்தது. அழுதுகொண்டேதான் அடித்தாள்.

"ஆணில பட்டு ரம்பம் பல்லு போனா அவன் இன்னாத்துக்குடி வரான்?" என்றாள் என்னிடம்.

பிறகு டீக்கடையில் போய் எல்லார் காதிலும் விழும்படி அதைச் சொன்னாள்.

வந்தார்கள். ஆணித் தலைகளைத் தடவிப் பார்த்தார்கள். அசிங்கமாகத் திட்டிவிட்டுப் போனார்கள். மரம் பிழைத்தது. பட்டை வளர்ந்து ஆணிகளை மெல்ல மூடிக்கொண்டது.

பாகம் பிரிந்தபின் அந்தக் கொல்லையை விற்றுவிட்டோம். அக்கா திருவாண்டார்கோயிலில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போன வருஷம் அந்தக் கொல்லையில் மனை போட்டவர்கள் ஜேசிபி வைத்து மரத்தை வேரோடு தள்ளினார்கள். கேள்விப்பட்டு அக்கா போன் செய்தாள்.

"வெதை யாராச்சும் எடுத்து வெச்சாங்களாடி?"

ஊருக்குப் போய் வீடு வீடாகக் கேட்டேன். யாரும் எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வேறு செம்மரமும் இல்லை. அவளுக்கு நான் இன்னும் திருப்பிப் போன் செய்யவில்லை.