தலைவாசல் எந்தப் பக்கம்

எழுபதுகளில் அனுமந்தன்பட்டிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் முதலில் பிளான் போடும் சங்கரலிங்கத்தைத்தான் தேடுவார்கள். வாசல் வைப்பதில் மனுஷன் கில்லாடி என்று பேர். ஏலக்காய் வியாபாரி செல்லப்பாண்டி கல்யாண மண்டபம் கட்ட நினைத்தபோதும் அவரிடம்தான் வந்தார். தலைவாசல் கிழக்கே பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ரோடோ மேற்கே. கிழக்கே அடுத்தவர் நெல்வயல். அதை வாங்கிப் பாதை போட்டுவிடலாம் என்றார் செல்லப்பாண்டி. சங்கரலிங்கமும் அதை நம்பி, பிளானில் வயலுக்கு நடுவே அகலமாகப் பாதை போட்டு, இருபுறமும் மரம்கூட நட்டுவிட்டார். தாளில் வளர்கிற மரத்துக்குத் தண்ணீரா பாய்ச்ச வேண்டும்!

வயல்காரர் கடைசிவரை விற்கவில்லை. தேக்குக் கதவு போட்ட தலைவாசலைத் திறந்தால் எதிரே நாற்றுதான். ரோட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சமையல்கட்டு வழிதான்.

அங்கே நடந்த முதல் கல்யாணம் சங்கரலிங்கத்தின் ஒரே மகள் பவுனுடையது. அவர் மனைவி அக்கம்மாள் ஆரத்தித் தட்டோடு கிழக்கு வாசலில் காத்திருந்தாள். கோம்பையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு வேன் மேற்கே சமையல்கட்டு முன்னால் நின்றது. மாப்பிள்ளையின் தாய் மலையம்மாள் அடுப்புப் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்.

“சம்பந்தி, இதுதான் தலைவாசலா?”

இல்லை என்றால் பட்டுவேட்டி கட்டிய மாப்பிள்ளையை வரப்பில் நடத்த வேண்டும். ஆமாம் என்றால் தான் போட்ட பிளான் பொய்யாகிவிடும். சங்கரலிங்கம் கிழக்கே கைகாட்டினார், உடனே மேற்கேயும் காட்டினார். வரவேற்க ஆளில்லாத வாசலில் என் மகன் கால் வைக்க மாட்டான், வேனைத் திருப்புங்கள் என்றாள் மலையம்மாள். சத்தம் கேட்டு அக்கம்மாள் மண்டபத்துக்குள் புகுந்து, தட்டோடு சமையல்கட்டுப் பக்கம் ஓடி வந்தாள்.

“ஆரத்தி எடுக்கிற எடந்தான் வாசல். உள்ள வாங்க மதினி.”

நல்லவேளை, கல்யாணம் நடந்தது. சங்கரலிங்கத்துக்குத்தான் குழப்பம் தீரவில்லை. புகுந்த வீட்டுக்குப் போகும்போதாவது பிள்ளை தலைவாசல் வழியாகப் போக வேண்டாமா? சாயங்காலம் தேக்குக் கதவை அகலத் திறந்துவைத்து, திருநீற்றுத் தட்டோடு நின்றார். யாரிடமும் சொல்லவில்லை. தலைவாசல் எது என்று ஊருக்கே தெரியாதா என்ன?

வயலில் தவளை கத்தியது. மேற்கே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. விழுந்தடித்து ஓடினார். சமையல்கட்டு முன்னால் புழுதிதான் பறந்துகொண்டிருந்தது.

“எங்கன போனீக? பிள்ள ஒங்களத் தேடித் தேடிப் பாத்துட்டுப் போகுது” என்றாள் அக்கம்மாள்.

“தலைவாசல்லதான் நின்னேன்” என்றார் சங்கரலிங்கம். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.